செய்தித்தாள் சுற்றிய பொட்டலம்

திருவண்ணாமலை தீபத்துக்குப் போயிருக்கிறீர்களா? போனவர்களுக்குத் தெரியும். திருவிழாவின் பத்தாம் நாள், சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு, கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பஞ்சமூர்த்திகள் எல்லாரும் வந்து மண்டபத்தில் உட்கார்ந்தாயிற்று. அப்போது உள்ளேயிருந்து அர்த்தநாரீஸ்வரர் வருவார். வருவார் என்று சொல்வதுகூடத் தப்பு. ஆடிக்கொண்டே ஓடி வருவார். இரண்டே நிமிஷம். ஆயிரம் கை மேலே தூக்கும். சட்டென்று உள்ளே போய்விடுவார். அந்த நேரத்தில்தான் 2668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏற்றுவார்கள்.

பார்வதிக்குத் தன் உடம்பில் பாதியை சிவன் கொடுத்த ஊர் இதுதான் என்பது ஐதீகம். அந்தப் பாதி வெளியே தலைகாட்டுவது இந்த இரண்டு நிமிஷம்தான்.

எங்கள் பெரியப்பா வீடு பேகோபுரம் பக்கம். சின்ன வயதில் தீபம் என்றால் ரெண்டு நாள் முன்னாலேயே அங்கே போய் இறங்கிவிடுவோம். 1988-ல் எனக்கு ஒன்பது வயது. பெரியப்பா மகள், அக்கா, எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பினோம். அக்கா மட்டும் வரவில்லை. கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் ஒரு சாக்கு, ஒரு தட்டு, ஒரு தம்ளர். ‘அக்கா ஏன் வரலை?’ என்று கேட்டேன். ‘அவ வீட்டுக்குத் தூரம்’ என்றார் பெரியம்மா. வீட்டுக்குள்ளேதானே இருக்கிறாள், இதில் தூரம் எங்கே வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

பேகோபுரம் பக்கம் வீடு என்பதால் கொல்லையில் நின்றாலே மலை தெரியும். தீபத்தை அவளும் பார்த்தாள். அர்த்தநாரியைத்தான் பார்க்கவில்லை.

மறு வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்தும் அவளை நிறுத்திவிட்டார்கள்.

* * *

வரலாறு எழுதுகிற பத்தியில் இதென்ன விஷயம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். ராஜாக்கள், போர்கள், துரோகங்கள் என்று எழுதும்போது யாரும் சுளிப்பதில்லை. ஆனால் உலகத்தில் பாதிப் பேருக்கு மாதம் ஐந்து நாள் நடக்கிற ஒரு விஷயத்துக்கு வரலாறு இல்லாமலா இருக்கும்? இருக்கிறது. அதுவும் நம் இலக்கியத்திலேயே இருக்கிறது.

புறநானூறு 299-வது பாட்டு. எழுதியவர் பொன்முடியார் என்ற பெண் புலவர். ஒரு சின்ன ஊர். சுற்றிலும் பருத்திச் செடிதான் வேலி. அந்த ஊர்த் தலைவனின் குதிரைக்குத் தீனி வெறும் உளுந்துச் சக்கை. எதிரே நெய்ச்சோறு தின்று வளர்ந்த பெரிய மன்னனின் குதிரைகள். சண்டை வந்தபோது உளுந்துச் சக்கை தின்ற குதிரை படையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. நெய்ச்சோற்றுக் குதிரைகளோ ஒதுங்கி நின்றன. எப்படி ஒதுங்கி நின்றன? முருகன் கோயிலில், பாத்திரத்தைத் தொடக்கூடாத நாளில் இருக்கிற பெண்களைப் போல!

உரையாசிரியர்கள் சொல்லும் பொருள் அதுதான். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பாட்டு. கேட்கிறவர்களுக்குச் சட்டென்று விளங்கவேண்டும் என்றுதானே உவமை சொல்வார்கள்? அப்படியானால் அன்றைக்கே ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதி அது. சண்டையில் பின்வாங்கிய குதிரைக்கு உவமையாக ஒதுக்கி வைக்கப்பட்ட பெண்.

எதிர்த்துக் கேட்டவர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். சித்தர்களில் சிவவாக்கியர் இந்தத் தீட்டுச் சமாசாரத்தைப் பிடித்துக் கிழித்திருக்கிறார். எதைத் தூமை என்று ஒதுக்குகிறீர்களோ அதிலிருந்துதானே உங்கள் உடம்பே வந்தது என்பது அவருடைய வாதம். பதில் சொன்னவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தச் சொல்லையே வசவுச் சொல்லாக மாற்றித் தெருச் சண்டைக்கு வைத்துக்கொண்டோம். அவ்வளவுதான்.

நிற்க. தீட்டு ஒருபக்கம் இருக்கட்டும். அந்த ஐந்து நாளைப் பெண்கள் சமாளித்தது எதை வைத்து? பழைய புடவை, பழைய வேட்டி. அதை நாலாகக் கிழித்து, துவைத்து, யார் கண்ணிலும் படாத இடத்தில் காயப்போட்டு... யார் கண்ணிலும் படாத இடம் என்றால் அநேகமாக வெயிலும் படாத இடம். ஈரம் முழுசாகப் போகாத துணி. மறுபடியும் அதே துணி. துணியில் தப்பில்லை. நன்றாக அலசி வெயிலில் உலர்த்தினால் அதைவிடப் பாந்தமான பொருள் இல்லை. ஒளித்து வைத்துக் காயப்போட்டதுதான் வினை.

தீபக் கொப்பரையில் திரியாகப் போடுவது சுமார் ஆயிரம் மீட்டர் காடாத் துணி என்பார்கள். மலை மேல் அவ்வளவு. கொல்லையில் இருந்த அக்காவுக்கு ஒரு கிழிந்த புடவை.

* * *

இனி கொஞ்சம் வெளியூர் போய் வருவோம். விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி 1896-லேயே கடையில் வாங்கக்கூடிய நாப்கினைக் கொண்டுவந்தது. ‘லிஸ்டர்ஸ் டவல்ஸ்’ என்று பேர். பொருள் நல்ல பொருள். ஆனால் போணியாகவில்லை. அதைப் பற்றி விளம்பரம் செய்ய முடியாது. கடையில் போய்ப் பேர் சொல்லிக் கேட்கவும் முடியாது. அப்புறம் எப்படி விற்கும்?

அடுத்து முதல் உலகப்போர். கிம்பர்லி கிளார்க் என்று ஒரு காகிதக் கம்பெனி. மரக்கூழிலிருந்து பஞ்சு மாதிரி ஒன்றைத் தயாரித்து ‘செல்லுகாட்டன்’ என்று பேர் வைத்திருந்தார்கள். பருத்தியைவிட ஐந்து மடங்கு ஈரம் உறிஞ்சும், விலையும் குறைவு. காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டுப்போட அது கப்பல் கப்பலாகப் போனது. போர்முனை ஆஸ்பத்திரிகளில் இருந்த நர்ஸுகள் பார்த்தார்கள். சிப்பாயின் ரத்தத்தை உறிஞ்சுகிற பொருள் நம் ரத்தத்தை உறிஞ்சாதா என்ன? உபயோகிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆராய்ச்சிக்கூடமும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. நர்ஸுகள் தாங்களாகக் கண்டுபிடித்தது.

1918-ல் போர் முடிந்தது. செல்லுகாட்டன் மலை மாதிரி மிஞ்சிவிட்டது. என்ன செய்வது என்று யோசித்தபோது நர்ஸுகளின் யோசனை கம்பெனியின் காதுக்கு வந்தது. 1920-ல் ‘கோடெக்ஸ்’ பிறந்தது.

ஆனால் பழைய சிக்கல் அப்படியே இருந்தது. கடைக்காரன் ஆண். அவனிடம் எப்படிக் கேட்பது? இதற்கு அவர்கள் பிடித்த வழியைத்தான் நான் ரசித்துப் படித்தேன். கவுண்டரில் கோடெக்ஸ் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவைத்துவிட்டு, பக்கத்திலேயே காசு போட ஒரு டப்பா. பெண்மணி வருவாள், டப்பாவில் காசைப் போடுவாள், பெட்டியை எடுத்துக்கொண்டு போவாள். ஒரு வார்த்தை பேச வேண்டாம். விற்பனை எகிறிவிட்டது!

நான் பி.காம். படித்தவன். மார்க்கெட்டிங் பாடத்தில் ‘நாலு பி’ என்று உருப்போட வைப்பார்கள். பிராடக்ட், பிரைஸ், பிளேஸ், ப்ரமோஷன். இந்த ஒரு சரக்குக்கு மட்டும் அந்த நாலும் பத்தாது. ஐந்தாவதாக, பேசாமல் வாங்க ஒரு வழி வேண்டும். நாப்கினின் நூறு வருஷத்துச் சரித்திரத்தைப் புரட்டினால், பொருளைக் கண்டுபிடித்த கதை ரொம்பச் சின்னது. பேசாமல் கை மாற்றிய கதைதான் பெரிசு.

நம் ஊருக்கு வாருங்கள். 1989-ல் இந்தியாவில் ஒரு நாப்கின் அறிமுகமானது. அதன் பேர் விஸ்பர். அதாவது, கிசுகிசு! இதைவிடப் பொருத்தமான பேர் இந்த தேசத்துக்குக் கிடைத்திருக்காது. டி.வி. விளம்பரத்தில் நீலக்கலர் தண்ணியை ஊற்றிக் காட்டுவார்கள். அது வந்தால் எங்கள் வீட்டில் அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார். அந்தக் காலத்தில் அவருக்கு அடிக்கடி தாகம் எடுத்தது. ஏதோ இங்க் விளம்பரம் என்றே நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடையில் அந்த டப்பா நமக்குச் சரிவரவில்லை. காசு டப்பாவை வைத்தால் டப்பாவே காணாமல் போகும் என்று கடைக்காரர் பயந்தாரோ என்னவோ! இங்கே கண்டுபிடித்தது வேறு. செய்தித்தாள். நாப்கின் பாக்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றி, அதைக் கறுப்பு பாலிதீன் பையில் போட்டு... ஏதோ கடத்தல் சரக்கு மாதிரி கை மாறும். கத்தரிக்காயைக் கையில் தூக்கிக்கொடுக்கிற அண்ணாச்சி, இதற்கு மட்டும் இரண்டு உறை போடுவார். பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு வருத்தமான பெருமை உண்டு. எங்களில் பலர் ஜென்மத்தில் எழுதாத ஒரு விஷயத்தை, நாங்கள் எழுதிய காகிதம்தான் வருஷக்கணக்காக மூடிக்கொண்டிருந்தது.

* * *

அந்தப் பொட்டலத்தை முதலில் பிரித்துப் பார்த்த தமிழர் கோயம்புத்தூர்க்காரர். அருணாசலம் முருகானந்தம். முதல் பாதி அண்ணாமலையான் பேர். இது தற்செயல்தான். ஆனால் சொல்லாமல் விட மனசில்லை.

நெசவுத் தொழிலாளியின் மகன். அப்பா விபத்தில் இறந்துபோக, பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். வெல்டிங் பட்டறை வேலை. 1998-ல் கல்யாணம். மனைவி எதையோ மறைத்து எடுத்துப்போவதைப் பார்த்து என்னவென்று கேட்டிருக்கிறார். அழுக்குத் துணி. கடையில் விற்கிறதே, வாங்கிக்கொள்வதுதானே என்றதற்கு, அதை வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்கும் காசில் கைவைக்க வேண்டும் என்றாராம் மனைவி. முருகானந்தமே பல மேடைகளில் சொன்ன கதை இது.

அவர் ஒரு பாக்கெட் வாங்கிக் கையில் எடை பார்த்தார். உள்ளே இருப்பது பத்துப் பைசா பஞ்சு மாதிரிதான் தோன்றியது. விற்பதோ நாலு ரூபாய்க்கு. நாமே செய்துவிட்டால் என்ன?

கோயம்புத்தூரில் பஞ்சுக்கா பஞ்சம்? மில்லில் பஞ்சு வாங்கி, துணியில் வைத்துத் தைத்து மனைவியிடம் கொடுத்தார். உதவவில்லை. திரும்பத் திரும்பச் செய்தார். உதவவில்லை. சோதித்துச் சொல்ல ஆள் வேண்டுமே? மனைவி, தங்கைகள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் போனார். கடைசியில் ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி, தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டினார். ஊர் என்ன சொல்லும்? பேய் பிடித்துவிட்டது என்றது. மனைவி தாய்வீடு போனார். பிறகு அம்மாவும் கிளம்பிவிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் விடை தெரிந்தது. அது பஞ்சே இல்லை. மரக்கூழ்! 1918-ல் நர்ஸுகள் கையில் எடுத்த அதே சமாசாரம். எண்பது வருஷமாக உலகம் பூராவும் தெரிந்த ரகசியம், பருத்தி நகரத்தில் இருந்த ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? யாரும் பேசவில்லை, அதனால்தான். ஆட்டு ரத்தமும் சைக்கிளும் ஊர் வசவும், இந்த ஒரு தகவல் வாய்விட்டுப் பேசப்படாததற்கு அவர் கட்டிய வட்டி.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். கோடிக்கணக்கில் விலை சொல்லப்பட்ட இயந்திரத்துக்கு மாற்றாக, முக்கால் லட்சத்துக்கும் குறைவான விலையில் ஒரு சின்ன இயந்திரம். 2006-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் காட்டினார். ஜனாதிபதி பிரதிபா பாட்டீல் கையால் விருது, 2016-ல் பத்மஸ்ரீ, 2018-ல் இந்தியில் சினிமா. மனைவியும் திரும்பி வந்தார்.

என்னைக் கேட்டால் இயந்திரத்தைவிட அவர் அதைக் கொண்டுபோன விதம்தான் பெரிய விஷயம். பெரிய கம்பெனிக்கு விற்காமல் பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார். செய்வதும் பெண், விற்பதும் பெண், வாங்குவதும் பெண். நடுவில் கவுண்டரும் இல்லை, அண்ணாச்சியும் இல்லை, செய்தித்தாளும் இல்லை.

* * *

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருவோம். அக்காவை நிறுத்திய இடத்துக்கு.

2011-ல் மத்திய அரசு ஒரு திட்டத்தை நாட்டின் 107 மாவட்டங்களில் தொடங்கியது. கிராமத்து வளரிளம் பெண்களுக்கு ஆறு நாப்கின் கொண்ட ஒரு பாக்கெட் ஆறு ரூபாய். ஆஷா பணியாளர் வீடு தேடி வந்து விற்பார். அவருக்குப் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் கமிஷன். காகிதத்தில் அழகான கணக்கு. ஆனால் பதின்மூன்று வயதுப் பெண்ணின் கையில் ஆறு ரூபாய் ஏது? அப்பாவிடம் கேட்கவேண்டும். எதற்கு என்பார். முடிந்தது கதை.

தமிழ்நாட்டில் வேறு கணக்குப் போட்டார்கள். அதே 2011-ல் முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்து, 2012-ல் தொடங்கியது ‘புதுயுகம்’ திட்டம். கிராமப்புறத்தில் பத்து முதல் பத்தொன்பது வயது வரை உள்ள பெண்களுக்கு இலவசம். பள்ளியில் படித்தால் பள்ளியிலேயே கொடுப்பார்கள். படிக்காவிட்டால் அங்கன்வாடியில், கிராம சுகாதார செவிலியர் வழியாக. பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும், சிறையில் இருக்கும் பெண்களுக்கும்கூட உண்டு. பிறகு நகரத்துப் பெண்களுக்கும் இது விரிந்தது. அரசியலில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்பது வேறு. சிறைக்குள் இருக்கும் பெண்ணுக்கும் மாதம் வரும் என்று ஒரு அரசாணை யோசித்ததே, அது சின்ன விஷயமில்லை.

திருவண்ணாமலை மாதிரி மாவட்டத்துக்கு இது ரொம்ப முக்கியம். கோயிலும் கிரிவலமும் பார்த்துவிட்டுத் திரும்புகிற நமக்கு அது ஒரு டவுன். ஆனால் 2011 கணக்குப்படி மாவட்டத்தில் பத்துப் பேரில் எட்டுப் பேர் கிராமத்தார். செங்கம், தண்டராம்பட்டு, அந்தப்பக்கம் ஜவ்வாது மலை மேலே ஜமுனாமரத்தூர் வரைக்கும் விரிந்து கிடக்கிறது. மலைக் கிராமத்தில் பெட்டிக்கடை இருந்தால் பீடி கிடைக்கும், ஷாம்பு கிடைக்கும். நாப்கினுக்கு எங்கே போவது?

காமர்ஸ்காரன் என்பதால் கை சும்மா இருக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. அப்படியானால் வருஷத்துக்கு 108. (எண்ணைப் பாருங்கள், அர்ச்சனை மாதிரி!) தொடங்கியபோது திட்டச் செலவு வருஷத்துக்கு 44 கோடி ரூபாய் சொச்சம், பயன்பெறுகிறவர்கள் 40 லட்சம் சொச்சம். ஆக, ஒரு பெண்ணுக்கு வருஷத்துக்கு 110 ரூபாய். ஒரு நாப்கின் ஒரு ரூபாய். ஒரு அரசாங்கம் இதைவிட மலிவாக எதையும் வாங்கியிருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது. 108-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஒன்பது. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் மாற்றவேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். நாளைக்கு மூன்று என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் ஐந்து நாளைக்குப் பதினைந்து. கையில் ஒன்பது. மீதி ஆறு? வாங்க வேண்டும், அல்லது துணி. இல்லாவிட்டால் காலையில் வைத்ததைச் சாயங்காலம் வரை மாற்றாமல் இருக்கவேண்டும்.

குறை சொல்லவில்லை. பூஜ்யத்திலிருந்து ஒன்பதுக்கு வந்தது பெரிய தாவல். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் சுகாதாரமான முறையைக் கையாளும் இளம்பெண்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். துணியை ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆரோவில்லில் ‘ஈகோ ஃபெம்’ என்று ஒரு அமைப்பு, துவைத்து உபயோகிக்கும் துணி நாப்கின் தைக்கிறது. வெளிநாட்டில் ஒன்று விற்றால் இங்கே ஒரு பள்ளி மாணவிக்கு ஒன்று இலவசம். பாட்டி காலத்துத் துணிதான். ஒரே வித்தியாசம், கொடியில் வெயில் படக் காயப்போடச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீதம் போட்டார்கள். குங்குமத்துக்கும் வளையலுக்கும் வரி இல்லை! ஒரு வருஷம் நாடே கத்திய பிறகு 2018-ல் எடுத்தார்கள். கென்யா 2004-லேயே இந்த வரியை நீக்கிவிட்டது. 2017-ல் பள்ளி மாணவிகளுக்கு இலவசம் என்று சட்டமும் போட்டது. ஸ்காட்லாந்து 2020-ல் எல்லாருக்குமே இலவசம் என்றது.

* * *

எல்லாம் சரி. நாப்கின் கொடுத்துவிட்டால் பெண் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவாளா?

எல்லாரும் வருவாள் என்றுதான் நினைத்தார்கள். நேபாளத்தின் சித்வான் பகுதியில் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், எமிலி ஆஸ்டர், ரெபெக்கா தார்ன்டன், அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாலு பள்ளிகளில் சுமார் இருநூறு மாணவிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மாதவிடாய்க் கப் கொடுத்து, வருகைப் பதிவேட்டைக் கணக்கெடுத்தார்கள். முடிவு 2011-ல் வெளியானது. கப் வாங்கியவர்களின் வருகை கூடவே இல்லை! அதைவிட ஆச்சரியம், மாதவிலக்கால் மாணவிகள் தவறவிட்டதே வருஷத்துக்கு ஒரு நாள்கூட இல்லை. அந்தப் பிள்ளைகள் வலியோடும் பயத்தோடும் பள்ளிக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். கப்பால் மிச்சமானது துணி துவைக்கிற நேரம்.

இதைப் படித்ததும் சிலர், ‘பார்த்தீர்களா, எல்லாம் வீண் செலவு’ என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருகைப் பதிவேட்டில் பலன் காட்டினால்தான் ஒரு பெண்ணுக்குச் சுத்தமான நாப்கின் தருவோம் என்று யார் சொன்னது? செருப்பு கொடுத்தால் மார்க் ஏறுமா என்று பார்த்துவிட்டா செருப்பு கொடுக்கிறோம்?

அந்த ஆய்வு எனக்கு வேறொன்றை உறுத்தியது. பஞ்சுக்கு வெளியே என்னவோ இருக்கிறது. நம்மூர்ச் செய்திகளைப் பாருங்கள். 2018 நவம்பர் 16, கஜா புயல். பட்டுக்கோட்டை பக்கம் ஆணைக்காடு கிராமம். வயதுக்கு வந்த ஒரு சிறுமியை, வழக்கப்படி வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் வைத்திருந்தார்கள். தென்னை மரம் சாய்ந்து குடிசை மேல் விழுந்தது. குழந்தை போய்விட்டது. வீடு சில அடி தூரத்தில்தான் இருந்தது. ‘வீட்டுக்குத் தூரம்’ என்று பெரியம்மா சொன்னதன் அர்த்தம் அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

2025 ஏப்ரல். பொள்ளாச்சி பக்கம் ஒரு தனியார் பள்ளி. எட்டாம் வகுப்பு மாணவி. மாதவிலக்கு என்பதால் வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துப் பரீட்சை எழுத வைத்தார்கள். படம் வெளியாகி, தலைமை ஆசிரியரை இடைநீக்கம் செய்தார்கள். அந்தப் பெண்ணும் பள்ளிக்கு வந்தவள்தானே? வருகைப் பதிவேட்டில் அன்றைக்கு அவளுக்கு ‘பிரசென்ட்’தான் போட்டிருப்பார்கள்.

* * *

போன வருஷம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். பதினேழு வயதில் செங்கம் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்தார்கள். இப்போது பேத்தி எடுத்துவிட்டாள். பேத்திக்குப் பதிமூன்று வயது, எட்டாவது படிக்கிறாள். முறைப்படி நான் அவளுக்குத் தாத்தா. நாற்பத்தாறு வயதில் ‘தாத்தா’ என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்! வலிக்கத்தான் செய்கிறது.

இந்தக் கட்டுரை எழுதப்போவதை அக்காவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். ‘இதையெல்லாமா எழுதுவாங்க’ என்றாள். பிறகு, தான் பள்ளிக்கூடத்தை விட்ட கதையைச் சொன்னாள். முப்பத்தேழு வருஷத்தில் முதல் தடவை.

‘அப்பா நிறுத்தினாருன்னுதானே எல்லாரும் நெனைக்கிறீங்க? நானே போகமாட்டேன்னுட்டேன்டா. அங்க ஒதுங்க எடமில்ல. காலையில போனா சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்காம உக்காந்திருப்பேன். ஒருநாள் பாவாடையில பட்டுருச்சு. பெல் அடிச்சு எல்லாரும் போனப்புறம்தான் எழுந்தேன். மறுநாள்ல இருந்து போகல.’

உள்ளேயிருந்து பேத்தி எட்டிப் பார்த்தாள். ‘இப்ப இவளுக்கெல்லாம் கவலை இல்ல, பள்ளிக்கூடத்துலயே குடுத்துர்றாங்க’ என்றாள் அக்கா. அந்தப் பெண் ஓடிவந்து பாட்டியின் காதில் என்னவோ சொன்னாள்.

‘என்னவாம்?’

‘கக்கூஸ் கதவுக்குத் தாப்பா இல்லையாம். ஒருத்தி உள்ள போனா, இன்னொருத்தி வெளிய கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்கணுமாம்.’

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ‘யாரும்மா பிடிச்சுப்பா?’

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்து நேராக என்னிடமே சொன்னாள்.

‘மாத்தி மாத்திப் புடிச்சுப்போம் தாத்தா.’